உட்கார இடம்

2024 பிப்ரவரியில் அம்மாவை முதல்முறையாக விமானத்தில் கூட்டிப்போனேன். தம்பிக்கு ஐதராபாத்தில் வேலை. அவனுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ரயிலில் போனால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம், அம்மாவின் கால் தாங்காது. சேலத்திலிருந்தே விமானம் இருக்கிறது என்று தெரிந்ததும் யோசிக்காமல் டிக்கெட் போட்டுவிட்டேன்.

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குக் கமலாபுரம் விமான நிலையம் ரொம்ப நாளாக ஒரு கேலிப்பேச்சுதான். 1993இல் திறந்தார்கள். விமானம் வரும், கொஞ்ச நாளில் நின்றுபோகும். 2018இல் உடான் திட்டத்தில் சென்னைக்கு ஒரு சின்ன விமானம் வந்துபோனது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்கள். ஓமலூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது வழிகாட்டிப் பலகையைப் பார்த்திருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை.

சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனோம். வரிசையாக நாற்காலிகள், பாதிக்கு மேல் காலி. அம்மா ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ப் பையை அதன்மேல் வைத்தாள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“உக்காரும்மா.”

“இங்க உக்காரலாமா? யாராச்சும் ஏதாச்சும் சொல்லப்போறாங்க.”

“உக்காரத்தாம்மா போட்டிருக்காங்க.”

உட்கார்ந்தாள். நாற்காலியின் நுனியில், யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடுகிற மாதிரி. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் முதுகைச் சாய்த்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, “எத்தன சேரு சும்மா கெடக்குது பாரு கண்ணு” என்றாள்.

அம்மா சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவள். எங்கள் வீடு ராசிபுரத்தில். காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒன்பதரைக்குக் கடையில் நிற்கமுடியும். திரும்பி வீடு சேரும்போது ராத்திரி ஒன்பதரை, பத்து ஆகிவிடும். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். மற்றபடி நிற்பதுதான். சேலை பார்க்க வருகிறவர்களுக்கு மெத்தை போட்ட ஸ்டூல் உண்டு. விற்கிறவர்களுக்குக் கிடையாது. ஆளே வராத மத்தியானத்திலும் நிற்கவேண்டும், அலமாரியில் சாயக்கூடாது. அதற்கென்றே ஒரு சூப்பர்வைசர் சுற்றிக்கொண்டிருப்பார்.

நாலைந்து வருஷத்திலேயே அம்மாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைக்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரி வந்ததும் தரையில் படுத்துக் கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் படுத்து நாங்களும் காலைத் தூக்கி வைத்துக்கொள்வோம். எங்களுக்கு அது விளையாட்டு. மூன்று ஜோடிக் கால் பட்டுப் பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு மங்கிப்போயிருக்கும்.

உட்காருவதற்குச் சட்டம் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு ஜவுளிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். அதன் பலனாக 2018இல் கேரளா தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அன்றைக்கு ராத்திரி டிவியில் செய்தி ஓடியபோது அம்மா தட்டோடு நின்றபடியே பார்த்தாள்.

அம்மாவின் பிரிவில் பதினொரு பேர். சட்டம் வந்து கொஞ்ச நாளில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. கேமராவுக்கு நேர்கீழே போட்டார்கள். “ஒருநாளாச்சும் உக்காந்தியாம்மா?” என்று கேட்டிருக்கிறேன். “புதுப்புள்ளைங்க உக்காந்துக்கட்டும்னு உட்டுட்டேன்” என்பாள். புதுப்பிள்ளைகளும் உட்காரவில்லை என்பது பிறகு தெரிந்தது. 2023 தீபாவளி முடிந்ததும் அம்மா வேலையை விட்டுவிட்டாள்.

அதனால் விமான நிலையத்து நாற்காலியில் அம்மா சாய்ந்து உட்கார்ந்ததை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்முறை விமானம் ஏறுகிறவரைப் படம் எடுக்கவேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். நான் எடுத்தது அந்தப் படத்தைத்தான்.

திரும்பி வரும்போது நேரடி விமானம் கிடைக்கவில்லை. இன்னொரு பெரிய ஊரில் இறங்கி மாறவேண்டியிருந்தது. நான்கு மணி நேரக் காத்திருப்பு. இதற்குள் அம்மா விமான நிலையத்தில் பழகிவிட்டாள். தானாகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். கழிவறை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினாள். எதிரே இருந்த பெரிய திரையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். வடக்கே ஏதோ ஊரில் பனிமூட்டம். அங்கே போகும் விமானம் தாமதம், புது நேரம் இது என்று திரையில் மாறியது. ஐம்பது அறுபது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். முகம் சுளித்தார்கள், போனில் வீட்டுக்குச் சொன்னார்கள். பிறகு பாதிப்பேர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்கள். சத்தம், சண்டை ஒன்றும் இல்லை.

“சொல்லிட்டாப் போதும் பாரு, மனுசன் பாட்டுக்குப் போயிர்றான்” என்றாள் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பார்வை வேறொரு பக்கம் போனது. எங்களுக்கு நேர் எதிரே ஒரு வாசனைத் திரவியக் கடை. வாசலில் ஒரு பெண், குதிகால் செருப்பு, கறுப்புச் சட்டை, உதட்டுச்சாயம். இருபத்துமூன்று இருபத்துநான்கு வயதிருக்கும். போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அம்மா ஒரு மணி நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து நேராக அவளிடம் போனாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தமிழிலும் கையிலுமாக அம்மா என்னவோ கேட்டாள். அந்தப் பெண் ஒன்பது விரலைக் காட்டிச் சிரித்தாள்.

வந்து உட்கார்ந்து அம்மா சொன்னாள், “ஒம்போது மணி நேரமாம். கடைக்குள்ள சேரே இல்ல. நா நல்லாப் பாத்துட்டேன்.”

எங்களைச் சுற்றி அப்போது இருநூறு நாற்காலியாவது இருந்திருக்கும்.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவராவது லாரியோடு சம்பந்தப்பட்டவராக இருப்பார். ஓட்டுவார், வைத்திருப்பார், பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்ப்பார், இல்லாவிட்டால் என்னைப்போல லாரிக்குக் கணக்கு எழுதுவார். பழைய ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. ஒன்பது பேர். இரண்டு ஜன்னல், இரண்டையும் மறைத்து பைல் ரேக். காலையிலிருந்து சாயங்காலம்வரை டியூப்லைட்தான். வெளியே மழை பெய்தால் டிரைவர்கள் நனைந்து வருவதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

டிரைவர்கள் டிரிப் முடிந்து கணக்கு முடிக்க வருவார்கள். பத்து நாள், பன்னிரண்டு நாள் ஓடிவிட்டு வந்திருப்பார்கள். டீசல் பில், டோல் கணக்கு, சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்து வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பையில் சுருட்டி வைத்திருப்பார்கள். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்து கவுண்டர் முன்னால் நிற்பார்கள். உட்கார ஒன்றும் கிடையாது. ரொம்ப நேரமானால் மாடிப்படியில் வரிசையாக உட்காருவார்கள். யாராவது ஏறி இறங்கும்போது எழுந்து வழிவிட்டு மறுபடி உட்காருவார்கள். மேனேஜர் மேலிருந்து வண்டி நம்பரைக் கத்துவார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை.

ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். “சாயங்காலமா வாங்கண்ணா” என்று அவர்களை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஆறு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று நான் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. எத்தனை மணிக்கு என்று அவர்களும் கேட்டதில்லை. வண்டியை லோடு இறக்காமல் நிறுத்திவைத்தால் அதற்கு ஹால்ட்டிங் சார்ஜ் என்று பார்ட்டியிடம் நாங்கள் பில் போடுவோம். வண்டி காத்திருந்தால் காசு. டிரைவர் காத்திருந்தால் ஒன்றுமில்லை. வண்டி நின்றதற்கான பில்லை நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டியை ஓட்டியவர் என் எதிரில் நின்றிருக்கிறார். எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அம்மாவின் காலைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அந்த வருஷம் ஏப்ரலில் சேலம் ரோட்டில் புது இடம் பார்த்து ஆபீசை மாற்றுவது என்று முடிவானது. எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் டிரைவராக இருந்து வந்தவர்தான். பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போனில் நாற்பது படம். 2022 நவம்பரில் திறந்த கட்டடம் அது. எஸ்.ஓ.எம். என்ற அமெரிக்க நிறுவனம் வடிவமைத்தது. கூரை முழுக்க மூங்கில், மேலிருந்து தொங்கும் செடிகள். தோட்டத்துக்குள் ஒரு முனையம் என்பது அவர்கள் வைத்த பேச்சு.

“நம்ம ஆபீசு ஏர்போர்ட் மாதிரி இருக்கோணும் கண்ணு. உள்ள வந்தா மனசு குளுகுளுன்னு ஆவோணும். இன்டீரியர்காரங்கிட்ட நீதான் பேசற.”

நான் கணக்குப் பிள்ளை. ஆனால் ஆபீசிலேயே விமானத்தில் போய்வந்த இரண்டாவது ஆள் என்கிற தகுதி எனக்கு இருந்தது.

இன்டீரியர்காரர் ஒரு வாரத்தில் படம் போட்டுக்கொண்டு வந்தார். கூரையில் மூங்கில் பட்டைகள். பிளாஸ்டிக் கொடிகள். நடுவில் சுவரே இல்லாத ஒரு பெரிய ஹால், அதில் ஒன்பது பேருக்கு நீளமான ஒரே மேஜை. கண்ணாடி வைத்த அண்ணன் ரூம். நாமக்கல் மலை தெரிகிற பெரிய ஜன்னல் அந்த ரூமுக்குள். வாசலில் பார்ட்டிகளுக்கு ஒரு சோபா. டிரைவர்கள் எங்கே என்று கேட்டேன். “கீழ பார்க்கிங்ல ஷெட் போட்டர்லாங்க” என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏர்போர்ட்டில் அம்மாவை உட்காரவைத்தது எது என்று யோசித்தேன். கமலாபுரத்தில் மூங்கில் கூரையோ தொங்கும் செடியோ எங்கள் கண்ணில் படவில்லை. அங்கே போட்டிருந்தவை சாதாரண நாற்காலிகள். ஆனாலும் அம்மா சாய்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் சில ராத்திரிகள் போனில் தேடித்தேடிப் படித்தேன். டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் வரிசையில் காத்திருப்பதன் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். ஏன் என்று சொல்லாத காத்திருப்பு, காரணம் சொன்ன காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். சும்மா இருக்கும் நேரம், ஏதாவது செய்யும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். படிக்கும்போது எங்கள் மாடிப்படி அப்படியே கண்முன்னால் வந்தது. அங்கே மூன்றுமே உண்டு.

விமான நிலையங்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் காலமாகவே மெனக்கெட்டு வந்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்கு 1967இல் பென்னோ விஸ்ஸிங் என்பவர் வழிகாட்டிப் பலகைகளை வடிவமைத்தார். விமானத்துக்குப் போகும் வழியைக் காட்டும் பலகைகள் மஞ்சளில் இருந்தன. பாரிஸ் விமான நிலையத்தின் பலகைகளுக்காகவே அட்ரியன் ஃப்ரூட்டிகர் ஒரு எழுத்துரு செய்தார். தூரத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அவசரமாகப் பார்த்தாலும் படிக்கமுடிய வேண்டும் என்பது அதன் நோக்கம். சிங்கப்பூர் விமான நிலையத்தில் தமிழிலும் பலகை உண்டு. இப்போது பல விமான நிலையங்கள் ஒலிபெருக்கி அறிவிப்பைக்கூடக் குறைத்துக்கொண்டுவிட்டன. திரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் அவர்கள் தர்மத்துக்குச் செய்யவில்லை. விமான நிலையங்களுக்குக் கடை வாடகையிலும் பார்க்கிங்கிலும் வருமானம் உண்டு. பதற்றத்தில் இருப்பவன் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். மனசு அடங்கியவன்தான் கடைக்குள் போவான். அதனால் பயணியின் மனசை அடக்கியாகவேண்டும். கடையில் நிற்கும் பெண்ணின் மனசைப் பற்றி அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. கமலாபுரத்தையே எடுத்துக்கொண்டால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018இல் விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்க வந்தபோது பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். ஒரு கட்டடம் யாரைத் தன் பயணி என்று நினைக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அது இடம் கொடுக்கிறது.

எங்கள் ஆபீஸ் யாரைப் பயணி என்று நினைக்கிறது என்பதை அந்த வரைபடமே காட்டியது. சோபா பார்ட்டிக்கு. மலை அண்ணனுக்கு. நடு ஹாலில் நாங்கள் ஒன்பது பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி. டிரைவர்கள் கட்டடத்துக்குள்ளேயே இல்லை.

அடுத்த வாரம் அண்ணனிடம் பேசினேன். முதலில் அந்த ஹால். சுவரை எடுத்துவிட்டால் ஆட்கள் கலந்து பேசுவார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. 2018இல் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்களில் ஊழியர்களுக்குக் கருவி மாட்டி அளந்திருக்கிறார்கள். சுவரை எடுத்தபிறகு நேருக்கு நேர் பேசுவது எழுபது சதவீதம் வரைக்கும் குறைந்துபோய், மெயிலில் பேசுவது கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் மனுஷன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான். விமான நிலையத்தில் ஹால் பெரிதாக இருந்தாலும் எங்கே உட்காருவது என்பது நம் இஷ்டம். மூலை வேண்டுமானால் மூலை, ஜன்னல் வேண்டுமானால் ஜன்னல். ஆபீசில் ஒரே சேர், வருஷக்கணக்கில் அதேதான். அதனால் ஹாலில் இடுப்புயரத் தடுப்பும் போனில் பேச ஒரு சின்ன அறையும் கேட்டேன். “ரேட்டு கம்மிதானே? போட்டுக்க” என்றார்.

அடுத்தது ஜன்னல். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் எழுதிய ஆய்வைச் சொன்னேன். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் மரம் தெரிகிற ஜன்னல் கிடைத்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிகிற ஜன்னல் கிடைத்த 23 பேரையும் ஒப்பிட்டார்கள். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகத்தான் வாங்கினார்கள். அண்ணன் கவனமாகக் கேட்டார். “அப்ப எனக்கு அந்த ஜன்னல் கண்டிப்பா வேணும். பித்தப்பை எனக்குத்தான் எடுத்துருக்குது” என்றார். சிரித்துவிட்டேன். மலை அவருக்கே போனது. தெற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன்முன் பைல் ரேக் வைக்காமல் சாப்பாட்டு மேஜை போடுவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரமும் பக்கத்துப் பட்டறையில் பாதி பாடி கட்டிய லாரிகளும் தெரியும்.

டிரைவர்களுக்குக் கீழே ஷெட் வேண்டாம், உள்ளேயே பெஞ்சு போடலாம் என்றபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நானும் அந்தப் படியில உக்காந்தவந்தான். வேற ஆபீசுல. ஒருநாளு பூரா உக்காந்திருக்கறன்” என்றார். பிறகு, “சாயற மாதிரி போடச்சொல்லு. லாரில முதுகு போயிருது” என்றார்.

பெஞ்சு சுலபமாக முடிந்துவிட்டது. தண்ணீர், போன் சார்ஜ் போட ஆறு பிளக், கழிவறை எல்லாம் ஒத்துக்கொண்டார். கஷ்டப்பட்டது போர்டில்தான்.

விமான நிலையத்துத் திரை மாதிரி ஒரு வெள்ளைப் போர்டு கேட்டேன். டிரைவர் பெயர், வண்டி நம்பர், வந்த நேரம், எந்தப் பில் பாக்கி, கணக்கு முடியும் நேரம். ஐந்து கட்டம். மார்க்கரில் எழுதினால் போதும். இருநூறு ரூபாய்ப் போர்டு அண்ணனை யோசிக்கவைத்தது.

“நேரம் எழுதிப்போட்டா அந்த நேரத்துக்குக் குடுக்கோணுமில்ல கண்ணு?”

“ஆமாங்கண்ணா.”

“பார்ட்டி பணம் வரலீன்னா?”

“தாமதம்னு எழுதிரலாங்கண்ணா. ஏன்னும் எழுதிரலாம்.”

“அப்பறம் எல்லாத்துக்கும் நம்மளக் கேள்வி கேப்பானுங்க.”

அவர் சொன்னது சரிதான். அந்தப் போர்டின் வேலையே அதுதான் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது. விமான நிலையம் ஒரு நேரத்தை எல்லோரும் பார்க்க எழுதிப்போடுகிறது. எழுதிப்போட்டதால்தான் அது தாமதம் ஆகமுடியும். ‘சாயங்காலமா வாங்க’ என்பது ஒருநாளும் தாமதமாகாது. மூங்கிலையும் செடியையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். நேரத்தை எழுதினால் நாம் பதில் சொல்லவேண்டியிருக்கும். அதனால்தான் எல்லா ஆபீசுகளும் விமான நிலையத்திலிருந்து செடியை எடுத்துக்கொண்டு திரையை விட்டுவிடுகின்றன என்று நினைக்கிறேன். இது லாரி ஆபீசுக்கு மட்டும் இல்லை. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். பீன் பேக், காபி மெஷின், சுவர் முழுக்கச் செடி எல்லாம் அங்கே உண்டு. புராஜெக்ட் முடிந்தபிறகு தனக்கு வேலை இருக்கிறதா என்பது மட்டும் மூன்று மாதமாகத் தெரியாமல் அவள் அந்தச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு மாசம் போட்டுப் பாக்கலாம்” என்றார் அண்ணன்.

ஆகஸ்டில் புது ஆபீசுக்குப் போனோம். மூங்கில் கூரை வந்தது, நன்றாகத்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் கொடிகளில் ரோட்டுப் புழுதி படிந்து இரண்டே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிட்டன. போர்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் ஒரு டிரைவரின் பெயரை எழுதவேண்டும் என்றபோது எனக்கு அது தெரியவில்லை. ஆறு வருஷமாகப் பார்க்கிற முகம், வண்டி நம்பர்தான் ஞாபகத்தில் இருந்தது. கேட்டு எழுதினேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெரிய பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை. ஏழு பேருடைய கணக்கு நின்றது. மறுநாள் காலையில் வந்தால் போர்டு சுத்தமாக இருந்தது. மேனேஜர் அழித்துவிட்டார். “எழுதாட்டி கேக்கமாட்டாங்கம்மா” என்றார். பதினொரு மணிக்கு ஒரு டிரைவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ரொம்ப அமைதியான ஆள். கவுண்டர் முன்னால் வந்து, சத்தம் போடாமல், “போர்டுல எம் பேரு இல்லீங்களே?” என்று கேட்டார்.

என் வேலைக்காலத்தில் ஒரு டிரைவர் இப்படி நிமிர்ந்து கேட்டது அதுதான் முதல்தடவை. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மார்க்கரை எடுத்து ஏழு பேருடைய பெயரையும் எழுதினேன். பார்ட்டி பணம் வரவில்லை, வியாழன் மதியம் இரண்டு மணி என்று போட்டேன். எழுதும்போது கை நடுங்கியது. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வரவில்லை, ஐந்தரைக்குத்தான் வந்தது. இரண்டு மணிக்கே தாமதம் என்று மாற்றியிருந்தேன். மூன்று பேர் கோபமாகப் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் போர்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு மாசக் கெடு எப்போது முடிந்தது என்று யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை.

பெரிதாக எதுவும் மாறிவிட்டதாகச் சொல்லமாட்டேன். பணம் தாமதமாவது அப்படியேதான் இருக்கிறது. மேனேஜர் இன்னமும் சிலநேரம் வண்டி நம்பரைத்தான் கத்துகிறார். பார்ட்டி சோபாவில் டிரைவர் யாரும் உட்காருவதில்லை. பெஞ்சில் மட்டும் சாய்ந்து தூங்குகிறார்கள், வாய் பிளந்து, சில நேரம் குறட்டையோடு.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அம்மா நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிட வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்தே ஊருக்குப் போய்விடலாம் என்று ஆபீசுக்கு வரச்சொல்லியிருந்தேன். அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் பிரசாதப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் நகர்ந்து இடம்விட்டு ஏதோ சொன்னார். அம்மா உட்கார்ந்தாள். பிறகு கணக்கில் மூழ்கிவிட்டேன்.

வெளியே வரும்போது அம்மா அவரிடம் குழந்தை எத்தனை, எங்கே படிக்கிறது என்றெல்லாம் கேட்டு முடித்திருந்தாள். முதுகு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கி மடித்து வைத்திருந்தாள்.

“போலாமாம்மா?”

அம்மா போர்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அரமணின்னு சொன்ன. முக்கா மணி ஆச்சு. தாமதம்னு எழுதவே இல்லியே?”

பக்கத்தில் இருந்த டிரைவர் சிரித்துவிட்டார்.